முதல் போணிக்குப் போட்ட பாசி

சிந்துஜாவைத் திமிர் பிடித்தவள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிதம்பரம் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் அவளும் நானும் ஒரே கைடிடம் ஆராய்ச்சி செய்தோம். கடலூர் முதுநகரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவாள். அப்பா தேவசகாயத்துக்கு சிப்காட்டில் காண்டிராக்ட் வேலை. அந்த வீட்டில் பி.எச்டி. வரைக்கும் வந்த முதல் ஆள் அவள்தான்.

பழுப்புக் கடற்பாசியிலிருந்து ஆன்டிஆக்சிடன்ட் சத்தைப் பிரிக்க எந்த வழி நல்லது என்பது அவள் ஆராய்ச்சி. வெந்நீரில் கொதிக்க வைக்கலாம், எத்தனாலில் ஊற வைக்கலாம், அல்ட்ராசோனிக் மெஷினில் போட்டு அதிர வைக்கலாம். வந்த சாற்றை ஓர் ஊதாக் கரைசலில் விட்டுப் பார்ப்பாள். சத்து ஜாஸ்தி இருந்தால் ஊதா நன்றாக வெளுக்கும்.

அந்த மெஷின், எங்கள் கைடு ஸ்ரீதர் சார் அலையாய் அலைந்து வாங்கியது. ஆயுத பூஜை அன்று அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் நடந்தது. "மொத போணி, நல்ல பாசியா பாத்துப் போடும்மா" என்றார் சார். மண்டபம் கடற்கரையிலிருந்து வந்த பாசி மூட்டையில் பாதியை நிழலில் உலர்த்தியிருந்தோம். இடம் போதாமல் மீதி மொட்டைமாடி வெயிலில் காய்ந்து முறுகி, பாதிச் சத்தை இழந்திருந்தது. நிழல் பாசி மெஷினுக்குப் போனது, வெயில் பாசி மற்ற இரண்டு வழிக்கும். மெஷின் ஜெயித்தது. ஜெயிக்காமல் என்ன செய்யும்? விருந்தாளிக்குக் கறித்துண்டு, வீட்டு ஆளுக்கு வெறும் குழம்பு என்று போட்டுவிட்டு, யார் நன்றாகச் சாப்பிட்டார்கள் என்று கேட்கிற மாதிரி.

அன்றைக்கு அது யாருக்கும் உறைக்கவில்லை. ஸ்வீட் சாப்பிட்டுக் கலைந்தோம். கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் சிந்துஜாவுக்குப் பிடிபட்டது. மூன்றுக்கும் நிழல் பாசியையே போட்டு மறுபடி செய்தாள். மெஷினுக்கும் வெந்நீருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. எத்தனால் இரண்டையும் தாண்டிவிட்டது.

புது முடிவை ஓரமாக வைக்கச் சொன்னார் சார். மெஷினைப் பற்றிக் கருத்தரங்கில் பேசியாகிவிட்டதாம். தவறு நடந்ததென்று ஒரு வரி சேர்த்தால்கூடப் போதும் என்று இறங்கி வந்தாள். அதற்கும் அவருக்கு மனசில்லை. பழைய முடிவோடு கட்டுரை போகாவிட்டால் தீசிஸில் கையெழுத்து கிடையாது என்றார்.

"வெறும் பாசிதானம்மா. இதுக்குப் போயி இவ்ளோ பிடிவாதமா?"

"நாலு வருஷமா நான் இதத்தான் சார் பண்ணேன். இது ஒண்ணுமில்லன்னா நானும் ஒண்ணுமில்ல. கட்டுரையிலேர்ந்து என் பேர எடுத்துடுங்க."

எடுத்தேவிட்டார். கட்டுரை வெளிவந்தது, கல்லூரி வாசலில் பேனர் கட்டினார்கள். அவருக்குப் பயந்து வேறு எந்தக் கைடும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது ஒரு கம்பெனி லேப்பில் ஷிப்ட் பார்க்கிறாள்.

அவள் இடத்துக்குத் தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். அந்தக் கட்டுரையை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே செய்கிறாள். போன வாரம் என்னிடம் வந்து அழுதாள்.

"எத்தன தடவ பண்ணாலும் அந்த ரிசல்ட் வரமாட்டேங்குதுக்கா. ஒன் கை சரியில்லன்னு சார் திட்றாரு."