உட்கார்ந்த இடத்தில் தூங்கும் ஆனிமேரி

எங்கள் சந்துக்குள் யாராவது வந்து ஆனிமேரி அக்காவைக் கேட்டால், சுத்தியலைக் கீழே வைக்காமலேயே கையைக் காட்டிவிடுவேன். "அந்தா, ஒடஞ்ச கார் சீட்டுல ஒரு அம்மா தூங்குறாங்கள்ல, அவங்கதான்." வந்தவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. உச்சி வெயிலில் வியர்க்க விறுவிறுக்கத் தகரம் தட்டிக்கொண்டிருப்பவனுக்கு, பக்கத்துக் கடைக்காரர் தூங்குவதைப் பார்த்தால் பற்றிக்கொண்டுதான் வரும்.

சிம்மக்கல்லில் இருந்து ஆற்றுப்பக்கம் இறங்கும் சந்து இது. அடிபட்ட கார் கதவுகளையும் பேனட்டுகளையும் நிமிர்த்துவது என் பிழைப்பு. பெயர் அசோக்குமார். எனக்கு அடுத்த கடைதான் ஆனி குஷன் ஒர்க்ஸ். குஷன் கடை என்றதும் கட்டுக்கட்டாகப் புது ரெக்சின் தொங்கும் என்று நினைத்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். வாசல் முழுக்க காயலான் கடையில் இருந்து வாங்கிவந்த பழைய கார் சீட்டுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அக்கா அவற்றைக் கிழித்துப் பஞ்சை ஒரு பக்கம், ஸ்பிரிங்கை ஒரு பக்கம், சட்டத்தை ஒரு பக்கம் என்று பிரிப்பார். பிறகு ஒரு காரின் சட்டத்தில் இன்னொரு காரின் ஸ்பிரிங்கை வைத்து, மூன்றாவது காரின் பஞ்சைத் திணித்து, ஆட்டோவுக்கோ டிராக்டருக்கோ லோடு வண்டிக்கோ ஒரு சீட்டு செய்து தருவார். அது அந்த ஓட்டுநர் ஒருவருக்குத்தான் பொருந்தும். அவருடைய மச்சினன் வந்து உட்கார்ந்தால் நெளிவான்.

கிழிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சீட்டிலும் அக்கா உட்கார்ந்து பார்ப்பார். பார்ப்பது என்று சொல்வது மரியாதைக்குத்தான். கண்ணை மூடுவார், கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிடும். சந்தில் ஆட்டோ ஹாரன், என் சுத்தியல், எதிர்க்கடை ரேடியோ, எதுவும் அவருக்குக் கேட்காது. காற்றில் பஞ்சுத் தூசி மிதக்கும். ஆற்றில் தண்ணீர் வந்திருந்தால் அதன் மேல் பட்ட வெயில் கடைச் சுவரில் ஏறி ஆடிக்கொண்டிருக்கும். அந்த வெளிச்சத்துக்கு நடுவில், எந்த ஊர்க்காரர் எத்தனை வருஷம் உட்கார்ந்து தேய்த்ததோ தெரியாத ஒரு சீட்டில், அக்கா எங்கோ போய்க்கொண்டிருப்பார்.

விழித்ததும் ஏதாவது சொல்வார். "இந்த வண்டி நெறைய கடல் பாத்திருக்கு அசோக்கு." தையலைப் பிரித்தால் நிஜமாகவே பொடிமணல் கொட்டும். இன்னொரு சீட்டைப் பற்றி, "இதுல உக்காந்தவரு எப்பவும் யாருக்கோ காத்துக்கிட்டே இருந்திருக்காரு" என்றார். எப்படித் தெரியும் என்று மல்லுக்கு நின்றேன். முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது, சாய்ந்தே உட்காராத மனுஷன் என்றார். அதைத் தூங்காமலே கண்டுபிடிக்கலாமே என்றேன். "தூங்காம எப்படித் தம்பி?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அவருடைய அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். மகளை டீச்சராக்க வேண்டும் என்று படிக்கவைத்தார். அக்காவும் தல்லாகுளத்தில் கொஞ்ச காலம் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தார். பிள்ளைகள் தூங்குவதற்கு முன்னால் டீச்சர் தூங்கிவிட்டதாக ஒரு கதை உண்டு. கேட்டால் மறுக்கமாட்டார். கல்யாணம் ஆன பிறகு வேலையை விட்டார். கணவர் ஆசீர்வாதம் அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். அவருக்கு மூலம் வந்து, உட்கார்ந்தால் உயிர் போகிறது என்று அழுதபோது, அக்கா வேன் சீட்டை அறுத்து நடுவில் பள்ளம் விட்டு, ஒரு பழைய அம்பாசடர் பஞ்சை இரண்டு பக்கமும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அண்ணன் மறுநாள் பாட்டுப் பாடிக்கொண்டு வேன் ஓட்டினார். ஓட்டுநர்களுக்குள் இந்த மாதிரிச் செய்தி எவ்வளவு சீக்கிரம் பரவும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவராக ரகசியமாக வந்தார்கள். கடை அப்படி ஆரம்பித்ததுதான்.

அளவு எடுக்க அக்கா டேப் வைத்துக்கொள்வதில்லை. சலித்த மணலையும் உமியையும் கலந்து தளர்வாகக் கட்டிய இரண்டு சாக்குகள் உண்டு. ஒன்றின் மேல் உட்காரவைப்பார், இன்னொன்றை முதுகுக்குப் பின்னால் சுவரோரம் வைப்பார். கொஞ்சம் தண்ணீர் தெளித்திருப்பதால், எழுந்த பிறகும் சாக்கில் ஆளின் பள்ளம் அப்படியே நிற்கும். அதைக் கையால் தடவித் தடவிப் பஞ்சை வெட்டுவார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று சந்தில் பேச்சு. நாகஜோதி விஷயத்தில் தப்பியது.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து பேச்சிமுத்து என்ற விவசாயி குட்டியானை லோடு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் காட்டி, இதில் என் சம்சாரம் உட்காரணும் என்றார். சம்சாரம் நாகஜோதி, தண்ணித் தொட்டிப் படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனவர். நடக்கிறார், கொஞ்சம் வேலையும் செய்கிறார். வண்டியில் ஏறினால் மட்டும் பத்து நிமிஷம் தாங்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகவா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. மார்க்கெட்டுக்கு."

மார்க்கெட்டுக்கு எதற்கு முதுகு முடியாதவர், நீங்களே போய்விட்டு வரவேண்டியதுதானே என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது. பேச்சிமுத்து அக்காவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"வீட்டுல அம்மா, தம்பி குடும்பம், பிள்ளைக, எல்லாம் ஒண்ணாக் கெடக்கோம்க்கா. கல்யாணம் ஆனதுல இருந்து நானும் அவளும் பேசுனதெல்லாம் இந்த வண்டிக்குள்ளதான். காய ஏத்திக்கிட்டு வெள்ளன கெளம்புனா மாட்டுத்தாவணி மார்க்கெட் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வருவோம். சண்டையும் அதுக்குள்ளதான். இப்ப ரெண்டு வருசமா நான் மட்டும் போறேன். வீட்டுல அவகிட்டப் பேசப் போனா என்ன பேசுறதுன்னே தெரியல. அவளும் பேசுறதில்ல. இப்படியே போனா ரெண்டு பேரும் ஊமையா ஆகிருவோமோன்னு பயமா இருக்குக்கா."

ஐம்பது வயது ஆள், மீசை நரைத்தவர், இதைச் சொல்லும்போது வண்டிக் கதவைத் தடவிக்கொண்டே நின்றார். அக்கா, "நாளைக்கே வாரேன்" என்றார்.

சீட்டை வண்டியில் முடுக்குவது என் வேலை என்பதால் நானும் போனேன். வீட்டில் பாய் விரித்து, காபி கொடுத்து, மாமியாரும் கொழுந்தன் பெண்டாட்டியும் சுற்றி நின்றார்கள். நாகஜோதி சேலையை இழுத்து மூடிக்கொண்டு சாக்கில் வந்து உட்கார்ந்தார். ஒடிசலான உடம்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு. எதைக் கேட்டாலும், "நல்லா இருக்குக்கா, போதும்க்கா" என்றார். பள்ளம் அழகாக விழுந்தது. அக்கா ஒரு வாரம் பாடுபட்டு ஒரு சீட்டு செய்தார். ராஜ சிம்மாசனம் மாதிரி இருந்தது. நானே பாராட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே திருமங்கலம் தாண்டவில்லை. நாகஜோதி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். கதவுக் கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சிமுத்து வண்டியைத் திருப்பியிருக்கிறார். சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கினார். "ஒங்க மேல தப்பில்லக்கா. அவ ஒடம்பு அம்புட்டுதான் போல" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கு அந்த அம்மா மேல் கோபம். வலித்தால் வலிக்கிறது என்று சொன்னால்தானே நமக்குத் தெரியும், வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்தினேன்.

அக்கா அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினார். ஆனால் தூங்கவில்லை. அவர் உட்கார்ந்து தூங்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன், எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் கடையைப் பூட்டும்போது சொன்னார்.

"வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி உக்கார்ற மாதிரி இருக்கு அசோக்கு இந்த சீட்டு. அந்தப் பிள்ளை நமக்கு மரியாதை குடுத்து உக்காந்துச்சு. நான் அந்த மரியாதையத் தச்சு வச்சிருக்கேன்."

மறுநாளே மறுபடியும் சாக்குகளை ஏற்றிக்கொண்டு போனோம். இந்தத் தடவை அக்கா வீட்டு ஆட்களை எல்லாம் ஏதேதோ சொல்லி வெளியே அனுப்பினார். பேச்சிமுத்துவையும் என்னையும் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு விரட்டினார். நாங்கள் வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெண்டைச் செடிகளுக்கு மேல் வெயில் நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓடும் சத்தத்தில் எனக்கும் கண்ணைச் சொருகியது.

உள்ளே நடந்ததை அக்கா பிறகு சொன்னார். சாக்கில் உட்காரச் சொன்னதும் நாகஜோதி பழையபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். சும்மா இரும்மா, எனக்குக் கொஞ்சம் அசதியா இருக்கு என்று சொல்லிவிட்டு, அக்கா எதிரிலேயே தரையில் முந்தானையை விரித்துப் படுத்துவிட்டார்.

"தூங்குற மாதிரி நடிச்சீங்களாக்கும்?" என்றேன்.

"நடிக்கணும்னுதான் படுத்தேன். தூங்கிட்டேன்."

குறட்டை விடும் ஆளை யார் விருந்தாளியாக நினைப்பார்கள்? அக்கா விழித்துப் பார்த்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நாகஜோதி இடது காலை மடக்கிச் சாக்கின் மேல் தூக்கி வைத்து, உடம்பை முழுக்க வலது பக்கம் சரித்து, தலையையும் அதே பக்கம் சாய்த்துவிட்டு, முற்றத்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண் திறந்ததும் அவசரமாக நிமிரப் போனார்.

"அசையாதம்மா. இப்படி உக்காந்தா நோகலயா?"

"கொஞ்சம் தேவலைக்கா. ஆனா பொம்பள இப்படிக் கோணிக்கிட்டு ரோட்டுல போனா பாக்க நல்லாவா இருக்கும்?"

"சீட்டுக்குக் கண்ணு இல்லம்மா" என்றார் அக்கா.

இரண்டாவது சீட்டைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மடக்கிய கால் தங்க இடது பக்கம் ஒரு ஜீப் சீட்டின் அகலப் பலகை. ஏதோ பெரிய காரின் பின்சீட்டில் நடுவே மடக்கி வைக்கும் கைமெத்தையைப் பிடுங்கி, சரியும் விலாவுக்கு வலது பக்கம் வைத்திருந்தார். தலை சாய்கிற மெத்தை நடுவில் இல்லை, டிரைவர் பக்கம் தள்ளி இருந்தது. ரெக்சின் வெயிலில் சுடும் என்று பருத்தித் துணியில் உறை. பார்க்க யாரோ கோபத்தில் பிசைந்து எறிந்த மாவு மாதிரி இருந்தது. பெல்ட்டோடு சேர்த்து அதை வண்டியில் முடுக்கி அனுப்பிவிட்டு, இதுவும் திரும்பி வந்துவிடும் என்று எதிர்க்கடையில் சொல்லிவைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, நான் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தேன். சந்து முழுக்கக் கொத்தமல்லி வாசனை அடித்தது. திரும்பிப் பார்த்தால், பேச்சிமுத்துவின் வண்டி நடக்கிற வேகத்தில் உள்ளே வந்துகொண்டிருந்தது. பின்னால் கொத்தமல்லிக் கட்டுகளும் வெண்டைக்காய் மூட்டைகளும் இறக்காமல் அப்படியே இருந்தன. அவர் எஞ்சினை அணைக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, உதட்டில் விரல் வைத்தார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். நாகஜோதி காலை மடக்கி, புருஷன் பக்கம் சரிந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். சின்னதாகக் குறட்டை வந்தது. அதற்குள் அக்காவும் வந்துவிட்டார்.

"மார்க்கெட்டுக்குப் போகலயாண்ணே?" என்று கிசுகிசுத்தேன்.

"போனேன் தம்பி. எஞ்சின அணைச்சா முழிச்சிருவாளோன்னு வாசலோட திரும்பிட்டேன். தல்லாகுளம், பாலம், பெரியாஸ்பத்திரின்னு சுத்திக்கிட்டே இருக்கேன்."

"அவங்க பேசுனாங்களா?"

"திருமங்கலம் வரைக்கும் பேசுனா. பழையபடி பேசுனா. நான் என்னமோ கேட்டேன், பதில் வரல. திரும்பிப் பாத்தா இப்படி."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருசமா என் பக்கத்துலதான்க்கா படுத்திருக்கா. அசையாமக் கெடப்பா. தூங்குறான்னு நெனச்சு நானும் தூங்கிருவேன். இவ தூங்குனா வாயத் தொறந்து கொறட்டை விடுவா, அது எனக்கே மறந்துபோச்சு. ரெண்டு வருசமா இவ தூங்கவே இல்ல. நான்தான் தூங்கியிருக்கேன்."

கட்டுகளின் நுனி வாடத் தொடங்கியிருந்தது. சந்து முனையில் இருந்து ஒரு ஆட்டோக்காரர் வந்து, வழி கேட்டு ஹாரனில் கை வைக்கப் போனார். நான் ஓடிப்போய் அந்த ஆளின் கையைப் பிடித்தேன்.

"இப்ப எங்கக்கா போக?" என்று பேச்சிமுத்து கேட்டார்.

"எங்கயும் போக வேணாம். ஓட்டுங்க, போதும்" என்றார் ஆனிமேரி அக்கா.

வண்டி மெதுவாகத் திரும்பி ஆற்றோரச் சாலையில் ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.