பயத்தை மலாயில் சொன்ன நாட்கள்

எண்பதுகளின் நடுவில் எனக்கு மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை, சிலிம் ரிவர் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த அம்மாவைப் பார்க்க பஸ் ஏறுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் கம்பார் தாண்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. வெயிலும் நிழலும் மாறி மாறி என் மடிமேல் ஓடின. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியாத ஒரு சுகம். அந்தச் சுகத்துக்குள்ளிருந்துதான் அது வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. பக்கத்தில் இருந்த பெண்ணின் முகம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் நெளிந்தது. சாகப்போகிறேன் என்று நினைத்தேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன்.

சாலையோரத்தில் உட்கார்ந்தேன். இலை உதிரும் காலம். பழுத்த இலைகள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தன. கால்மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று நம்பினேன்.

பத்து காஜா என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் இருதயத்தைச் சோதித்தார்கள். "ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு" என்றார்கள். அது எனக்கு நிம்மதியைத் தரவில்லை. நோய்க்குப் பெயர்கூட இல்லையே என்று இன்னும் பயந்தேன். முதலில் பஸ்ஸை விட்டேன். பிறகு மார்க்கெட்டை, பிறகு கோயில் கூட்டத்தை. ஆறு மாதத்தில் என் ஊர் சுருங்கிச் சுருங்கி, வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஒரு தெருவாகிவிட்டது. அதையும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன். தூரத்துச் சுண்ணாம்பு மலைகள் காலைப் பனியில் மிதக்கும். அவை மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருக்க, நான் நின்றுவிட்டதுபோல் இருக்கும்.

இடையில் போன ஒரு கிளினிக்கில் டாக்டர் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமலே மருந்து எழுதினார். "ஒரே மாசத்துல சரியாக்கிருவேன். கல்யாணம் ஆனா இதெல்லாம் ஓடிரும்" என்றார். எனக்கு என்ன நோய் என்று கேட்டேன். "அது ஒனக்கெதுக்கு?" என்றார். அவர் கொடுத்த மாத்திரை என்னைத் தூங்கவைத்தது. எழுந்தால் பயமும் கூடவே எழுந்தது.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. அங்கே ஒரு நர்ஸ் சொல்லிக் கேள்விப்பட்டு வந்தாள்.

"வெளிநாட்டுல மனசப் பத்திப் படிச்ச ஒரு சீன அம்மா இருக்காங்களாம். வாரத்துக்கு ஒரு நாள் ஈப்போவுல பாக்குறாங்களாம். மாத்திர கெடையாதாம், பேசுவாங்களாம்."

"பேசுனா போயிருமா? நாம பேசாததாக்கா?"

"போய்க் கேப்போம்லா. புடிக்கலன்னா திரும்பி வந்துருவோம்."

கடைவீட்டு மாடியில் சின்ன அறை. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு ஆங்கிலம் சரியாக வராது. மலாயில் பேசினோம். அக்கா உட்கார்ந்ததும் கேட்டாள்: "இதுக்குன்னு படிச்சிருக்கீங்களா? இவள மாதிரி ஆளுங்களப் பாத்திருக்கீங்களா? எவ்வளவு நாளாகும்?" எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கே படித்தார், எப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "பன்னிரண்டு வாரம் முயன்று பார்ப்போம். பாதி வழியில் முன்னேற்றம் இல்லையென்றால் ஏன் என்று சேர்ந்து யோசிப்போம். வேறு ஆள் தேவை என்றால் நானே சொல்வேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னிடம் பேச உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். அதுவரை அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.

எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றுகிற சிகிச்சை அது. அவர் ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். நெஞ்சு அடிக்கிறது, சாவு என்று மனசு சொல்கிறது, அதைக் கேட்டு நெஞ்சு இன்னும் அடிக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்குகிறாய். இறங்கியதால் பிழைத்தேன் என்று மனசு படித்துக்கொள்கிறது. "இறங்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? உனக்கு அது இன்னும் தெரியாது, இல்லையா?" என்றார். அந்த வட்டத்துக்குள் என் ஆறு மாதமும் கிடந்தது.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும்: எங்கே பயம் வந்தது, அப்போது என்ன நினைத்தேன், அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம், வேறு எப்படி நினைக்கலாம். தமிழில் எழுதி, அவரிடம் மலாயில் படித்துச் சொல்வேன். 'செத்துருவேன்' என்று தமிழில் எழுதினால் அடுத்த வரிக்குப் போக முடியாது. "சாயா அகான் மாத்தி" என்று மலாயில் சொல்லும்போது அதே வார்த்தை கொஞ்சம் தள்ளிப்போய் நிற்கும், அடுத்த வீட்டு ரேடியோவில் கேட்பதுபோல. தள்ளி நின்றால் அதைப் பார்க்க முடிந்தது.

ஒரு நாள், "இப்போது நாமே அந்தப் படபடப்பை வரவழைப்போம்" என்றார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வேகவேகமாக மூச்சு விட்டோம். விரல்கள் மரத்தன, அறை நெளிந்தது, அன்று பஸ்ஸில் வந்ததுபோலவே. அழுகை வந்தது. நிமிர்ந்தால் அவர் முகம் சிவந்து, மூக்குக்கண்ணாடி சரிந்து, என்னைவிட மோசமாக மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். யாரும் சாகவில்லை.

பிறகு பஸ். முதலில் இரண்டு நிறுத்தம், அக்காவோடு. அப்புறம் தனியாக கோப்பேங் வரை. கம்பாரில் ஒருமுறை தோற்று இறங்கிவிட்டேன். அதையும் எழுதச் சொன்னார். பதினோராவது வாரம் சிலிம் ரிவருக்கே டிக்கெட் எடுத்தேன். மரங்களுக்கு நடுவே அது வந்தது. வரட்டும் என்று முன்சீட்டுக் கம்பியைக்கூடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அலைபோல ஏறியது, நின்றது, மெல்ல வடிந்தது. வெளியே பச்சை வெளிச்சம் ஓடிக்கொண்டே இருந்தது. தோட்டத்தில், லயத்து வீட்டு வாசலில் அம்மா என்னைக் கண்டு, "யாரு கூட வந்த?" என்று தெருவை எட்டிப் பார்த்தாள். "தனியாத்தாம்மா" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மொதல்ல சாப்புடு" என்றாள்.

பயம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். கல்யாணமாகி லூமுட் ஊருக்குப் போன பிறகு, முதல் குழந்தை பிறந்த சமயம் மறுபடி வந்தது. அந்தச் சீன அம்மா அதற்குள் வேறு நாட்டுக்குப் போய்விட்டிருந்தார். நானே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்தேன். கேட்டதற்குப் பதில் சொல்லாத ஒருவரை இரண்டாம் சந்திப்போடு விட்டேன். அடுத்ததாக ஒரு மலாய்க்கார இளைஞர் கிடைத்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "இதற்கென்று படித்திருக்கிறீர்களா? எத்தனை வாரம்? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.