மருந்துக்காரர் பொறுக்கிய முட்டைகள்

ஊரில் அவரை மருந்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வைத்தியர் என்று நினைத்துவிட வேண்டாம். இருபது வருடமாக முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு நெல் வயல்களுக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். அப்படிப்பட்ட கெட்டிக்காரருக்கே தன் அக்காவின் வயலில் ஒரு சந்தேகம் முளைத்தது.

இலை நுனிகளில் குருத்துப்பூச்சி முட்டையிட்டிருந்தது. பழுப்பாக, பஞ்சு ஒட்டினாற்போல் சின்னச் சின்னக் குவியல்கள். புழு வெளியே வந்து தண்டுக்குள் புகுந்துவிட்டால் குருத்து காய்ந்துவிடும். பொரிக்கும் நாள் தெரிந்தால் அன்றைக்கே அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். பத்துக் குவியலை இலையோடு கிள்ளி, ஜாம் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, சமையலறை ஜன்னலில் வைத்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் பொரித்தது. புழு வந்தது மூன்றே குவியலில். மற்ற ஏழிலிருந்தும் கடுகில் கால்வாசிகூட இல்லாத கறுப்புக் குளவிகள் வந்தன! முட்டைக்குள்ளேயே இருந்து, அதையே தின்று வளர்ந்த குளவிகள். இவை எங்கிருந்து வந்தன? வெளியே வந்தபின் எதைத் தின்னும்? வரப்பில் குப்புறப் படுத்து, களைச்செடிப் பூக்களில் கண்ணை ஒட்டிவைத்துத் தேடினார். அங்கே அதே பொடிசுகள் தேன் குடித்துக்கொண்டிருந்தன.

அந்த வரப்பைத்தான் மறுநாள் களை இல்லாமல் செதுக்க அக்கா ஆள் சொல்லியிருந்தாள்.

"அக்கா, வரப்பைத் தொடாத. மருந்தும் இப்ப வேண்டாம். இந்தப் பூவுல இருக்கிற குளவிங்கதான் குருத்துப்பூச்சி முட்டையைத் தின்னு அழிக்குது."

"மருந்தடிக்கிறவன் பேசுற பேச்சாடா இது? இந்த வயலை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

"பத்து நாள் பொறு. பயிர் போச்சுன்னா என் வயல்ல விளையறதை எடுத்துக்கோ."

அக்கா முணுமுணுத்தாள். ஆனாலும் பொறுத்தாள்.

அந்தப் பத்து நாளும் விடிந்தால் போதும், வயலுக்கு ஓடிவிடுவார். பதினோராம் நாள் இருவரும் வயலில் இறங்கிப் பார்த்தார்கள். காய்ந்த குருத்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் பச்சை.

மருந்துக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கா மட்டும் வரப்பில் உட்கார்ந்து, பூவின் மேல் நகரும் ஒரு புள்ளியை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன்டா, போன வருஷம் நீ ரெண்டு தடவை அடிச்சும் பாதிப் பயிர் காய்ஞ்சுதே. அப்பவும் இதுங்க இங்க இருந்திருக்குமா?"

இல்லை என்று சொன்னால் அக்கா நம்பிவிடுவாள்.

"இருந்திருக்கும்க்கா" என்றார். "நான் அடிக்கிற வரைக்கும்."