ஸ்திரிக்கைப் பெட்டியில் தூபம்

நெருப்பு வைக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் எங்கள் தகப்பன் அப்புவிடம் ஒரு பெயர் இருந்தது. குசினி அடுப்படியில் இருப்பது தணல்சட்டி. நயினாதீவில் ஐயர் வீட்டில் இருப்பது தூபக்கால். எங்கள் மாதா கோயிலில் அவர் முப்பது வருடமாகப் பிடித்தது தூபக்கலசம். சின்ன வயதில் ஒருநாள் அதை நான் சட்டி என்று சொல்லிவிட்டேன். "சட்டியெண்டால் அதிலை மீன்குழம்பு வையன்" என்றார். கடலில் என்ன வார்த்தையும் பேசுகிற மனிதர், இந்த ஒன்றில் மட்டும் விடமாட்டார்.

தொண்ணூற்றேழில், ஊர்காவற்றுறைக்குத் திரும்பி வந்த சில மாதத்தில், அப்பு முடிந்துபோனார். நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கோயிலின் பித்தளைச் சாமான்கள் எல்லாம் போய்விட்டன. தூபக்கலசமும் இல்லை. ஊரில் எத்தனையோ பேரின் சவப்பெட்டிக்கு முன்னால் தூபம் பிடித்து நடந்தவர் அவர். அவரை வெறுமனே கொண்டுபோவதா? யாரிடமாவது கேட்கலாம் என்றால் எனக்கு வாய் வராது. அலைந்து அலைந்து உடம்பும் ஓய்ந்திருந்தது.

வீட்டில் மிஞ்சியது ஒரு ஸ்திரிக்கைப் பெட்டி. கைப்பிடி வெடித்திருந்ததால் யாரும் எடுக்கவில்லை போலும். பின்னேரம், சிரட்டைக்கரியை மூட்டி அதற்குள் போட்டேன்.

"இப்ப ஆரின்ரை உடுப்பைத் தேய்க்கப் போறாய்?" என்றா அக்கா.

நான் சாம்பிராணிப் பொட்டலத்தை எடுத்தேன். அதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு மச்சாளுக்கு விளங்கிவிட்டது. "போற வழியிலை அப்புவின்ரை வேட்டிச் சுருக்கத்தையும் ஒருக்கா எடுத்துவிடும்" என்றா. அழுதுகொண்டிருந்த அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வாசல் படலையடியில் பாதர் என் கையைப் பார்த்தார்.

"என்ன அது?"

"ஸ்திரிக்கைப் பெட்டி, பாதர்."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அதுதான் வந்தது.

"தணல் பிடிச்சிருக்கோ?"

"ஓம், பாதர்."

"அப்ப மூடியைத் திறவும்."

சாம்பிராணியைத் தூவினார். பக்கத்துத் துளைகளால் வந்த புகை என் முகத்தில் அடித்தது. அடக்கம் செய்கிற சேமக்காலைக்கு மணல் ரோட்டு. ஸ்திரிக்கைப் பெட்டியின் பாரத்தில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. "தாரும் அண்ணை, நான் பிடிக்கிறன்" என்று ஒருவர் கேட்டார். கொடுக்கவில்லை.

குழியடிக்குப் போனபோது புகை நின்றிருந்தது. மூடியைத் திறந்தால் தணலைச் சாம்பல் மூடியிருந்தது. பாதர் காத்துக்கொண்டு நின்றார். உடுப்புத் தேய்க்கும்போது தணல் மங்கினால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். பெட்டியைத் தொங்கப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். சாம்பல் பறந்து என் சேட்டில் விழுந்தது. தணல் சிவந்தது. பாதர் இன்னொரு பிடி தூவினார். சவப்பெட்டி குழிக்குள் இறங்கி முடியும்வரை அப்படியே ஆட்டிக்கொண்டு நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போக அதே பெட்டியால் சேட்டைத் தேய்த்தேன். சேட்டெல்லாம் சாம்பிராணி மணம்.

"உள்ளுக்கு நல்லாய்க் கழுவன்" என்றா அக்கா.

"ஏலாது, துருப்பிடிச்சிடும்" என்றேன்.