மிங்கேலுக்குக் கிடைத்த போர்ச்சுகல்

அமீரகத்தின் அல் ஐன் நகரில், தொழிலாளர் கேம்பில் எனக்கு ஒதுக்கிய அறைக்குள் நுழைந்த முதல் நாள், கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் சுவர்ப்பக்கம் கைகாட்டி, "ஜொனேல்?" என்றார். ஜன்னலைத் திறக்கட்டுமா என்கிறார், அப்படியானால் தமிழர்! ஏஜென்ட் சொன்ன பொய்யில் தொடங்கி விமானத்தில் வாந்தி எடுத்தது வரை கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "பாய், தமிழ் மாஃபி" என்றார். தமிழே தெரியாதாம். கோவாக்காரர், பெயர் மிங்கேல், எங்கள் கம்பெனித் தச்சர்.

ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி எல்லாம் அவருடைய கொங்கணியிலும் இருந்தன. கோவாவை நானூற்றைம்பது வருடம் ஆண்ட போர்ச்சுகீசியர் விட்டுப்போனவை. எங்கள் நாகப்பட்டினத்திலும் அவர்கள் கொஞ்ச காலம் கடை விரித்திருந்தார்கள். அந்த நாலு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே ஐந்து வருடத்தில் மிங்கேல் தமிழ் பேசப் பழகிவிட்டார். வேறு யாரோடும் எனக்குப் பேச்சே இருந்ததில்லை.

ஒரு லீவு முடிந்து வந்தவர், அப்பாவின் பிறப்புச் சான்றிதழைக் காட்டினார். முழுக்கப் போர்ச்சுகீசிய மொழி. அறுபத்தொன்றில் இந்திய ராணுவம் வருவதற்கு முன் கோவாவில் பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் போர்ச்சுகல் பாஸ்போர்ட் வாங்கலாமாம். பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகாத காலம் அது, அந்தப் பாஸ்போர்ட்டை வைத்து லண்டனில் வேலை பார்க்கலாமாம்.

"அப்பா இருந்த இடத்தை விட்டு அசையவே இல்ல பாய். படுக்கும்போது போர்ச்சுகல், எழுந்தா இந்தியா."

"எங்க ஊருக்கும்தானே வந்தாங்க, எனக்கு ஒண்ணு தரமாட்டாங்களாண்ணே?"

"உங்க ஊரை விட்டு சீக்கிரமே கிளம்பிட்டாங்களே!"

சிரித்தேன். உள்ளுக்குள் வயிறு எரிந்தது. புதிய பாஸ்போர்ட் வந்ததும், இரண்டு நாட்டுக் குடியுரிமை வைத்துக்கொள்ள இந்தியா விடாது என்பதால், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கத் தூதரகம் போனார். ரத்து முத்திரையோடு திரும்பி வந்தவர் அன்று சாப்பிடவில்லை. கோவாவில், மட்காவ் ஊரில் அவருடைய அம்மா தனியாக இருந்தார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் பெட்டி கட்டத்தான் உதவினேன். அடுத்த மாதம் அவர் கட்டிலுக்கு வேறொருவர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எனக்குப் பேசப் பிடிக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து லண்டனிலிருந்து போன் வந்தது.

"அம்மாவுக்கு முடியல பாய். விசா பாரம் நிரப்பறேன். இந்தியாவுக்கு எதுக்கு வர்றேன்னு கேட்டிருக்கு. என்ன எழுதட்டும்?"

"அம்மாவைப் பாக்கன்னு எழுதுங்க."

"ஏஜென்ட் டூரிஸ்ட்னு போடச் சொல்றான்."

அவரே பேச்சை மாற்றினார். "நீங்க ஊருக்குப் போகலையா?"

"அடுத்த மாசம் லீவுண்ணே. போயிட்டு வந்துடறேன்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. 'போயிட்டு வந்துடறேன்' என்பது, ஊரை விட்டுக் கிளம்பும்போது வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் சொல்கிற வார்த்தை. அதை அல் ஐனில் உட்கார்ந்துகொண்டு, நாகப்பட்டினத்துக்குப் போவதற்குச் சொல்லியிருக்கிறேன்.