சோணைச்சாமிக்குப் போன மேனேஜர்

மலையம்மாளைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் ஆட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவளே அப்படித்தான் பேசுவாள். "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டால், "செனையாடெல்லாம் நல்லாருக்குண்ணே, ஒரு குட்டிக்குத்தான் கழிச்சலா இருக்கு" என்பாள். அவள் புருஷன் கண்ணுச்சாமி கப்பலூரில் ஒரு மில்லுக்கு வாட்ச்மேன். அவன் எப்படி இருக்கிறான் என்று தெரிய வேண்டுமானால் அவனையேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தபோது அவர்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. கூலிக்குக் களை எடுத்தாள். மிச்ச நேரத்தில் அடுத்தவர் ஆட்டை வாரத்துக்குப் பிடித்து வளர்த்தாள். வாரம் என்றால், ஆடு அவர்களுடையது; மேய்ப்பதும் மழையில் நனைவதும் ஏச்சு வாங்குவதும் இவளுடையது; ஈனுகிற குட்டியில் பாதி இவளுக்கு. அந்தப் பாதியை வைத்துத்தான் சொந்தமாக ஆட்டுக் கொட்டம் போட்டாள், ஓடையோரம் கொஞ்சம் நிலம் வாங்கினாள், மகள் முத்துமீனாவை பி.காம். படிக்கவைத்துத் திருப்பரங்குன்றத்தில் கட்டிக்கொடுத்தாள். அதுவரைக்கும் ஒரு திட்டமும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் முன்னேறி முடித்த பிறகுதான் அவளை முன்னேற்ற ஆள் வந்தது.

அவளிடம் ஒரே ஒரு பழக்கம். கஷ்டம் எது வந்தாலும் கண்மாய்க்கரைச் சோணைச்சாமியைப் பார்த்து, "சாமி, கொட்டத்துல நிக்கிற கெடாவை ஒனக்குத் தந்துர்றேன்" என்று சொல்லிவிடுவாள். மகளுக்குக் காய்ச்சலானாலும் அதே பேச்சுதான், கண்ணுச்சாமி சைக்கிளோடு லாரிக்கு அடியில் போய்விட்டுப் பிழைத்து வந்தபோதும் அதேதான். கொட்டத்தில் எப்போதும் ஏதோவொரு கிடாய் நின்றதால், அவளுக்கும் சாமிக்கும் இடையில் ஒரு வில்லங்கமும் வந்ததில்லை.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் அனந்தபத்மநாபன் வந்தார். திருநகர்க்காரர். கென்யாவில் பல வருஷம் சிறு விவசாயிகளின் ஆடு வளர்ப்பை மேம்படுத்திவிட்டு, நம்மூரையும் ஒரு கை பார்ப்போம் என்று திரும்பியிருந்தார். மனிதர் வெங்காயத்தையே யோசித்துத்தான் சாப்பிடுவார். ஆனால் ஆட்டை எந்த எடையில் அறுப்பது, கறியை எப்படிக் குளிர வைப்பது, எந்தப் பையில் போட்டு மதுரைக்கு அனுப்புவது என்று அவர் விளக்கினால் கசாப்புக் கடைக்காரன்கூட வாயைப் பிளப்பான். நல்ல மனிதர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் கதை வேகத்தில் மறந்துபோவேன்.

சமுதாயக் கூடத்தில் திரை கட்டிப் படம் காட்டினார். கென்யாவில் ஒரு பெண் ஆட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அடுத்த படத்தில் அந்த ஆடு வண்டியில் ஏறுகிறது, அதற்கடுத்து கடை, அதற்கடுத்து யாரோ ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. இதற்குப் பெயர் மதிப்புச் சங்கிலி என்றார். வளர்க்கிறவள் தொடங்கி வாங்குகிறவன் வரைக்கும் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு என்றார். மலையம்மாள் பின்வரிசையில் இருந்து எழுந்தாள்.

"சார், அந்தம்மா எந்தச் சாமிக்குக் கெடா வெட்டும்?"

அனந்தபத்மநாபன் சிரித்தார். "அதெல்லாம் சங்கிலியில வராதும்மா."

"அய்ய, பாவம்" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தோம். அந்த ஒரு கேள்வியை அவர் குறித்து வைத்திருந்தால் பின்னால் இந்தப் பாடு பட்டிருக்க வேண்டாம். அவரோ டீ வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடு வளர்ப்போர் கம்பெனி ஒன்று உருவானது. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயரானவன், இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவான் என்பதற்காக என்னையும் ஒரு டைரக்டராக்கினார்கள். இனவிருத்திக்கென்று கம்பெனி ஒரு தலைச்சேரிக் கிடாயை இறக்கியது. யப்பா, அது கிடாயா கன்றுக்குட்டியா என்று ஊரே கூடி நின்று பார்த்தது. கம்பெனிச் சொத்து என்பதற்கு அடையாளமாகக் காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. அதை வளர்க்கத் தகுந்தவள் மலையம்மாள்தான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. பலகை அடித்த பரண், தலைக்கு மேலே மின்விசிறி, வேளாவேளைக்குத் தீவனம். இதையெல்லாம் பார்த்துவிட்டு அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, கண்ணுச்சாமிதான். அவன் தலைக்கு மேலே அந்த மில்லில் மின்விசிறி கிடையாது.

கம்பெனியின் அடுத்த உத்தரவு, ஊரில் நாட்டுக் கிடாய் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் இனம் கலந்துவிடும். அதனால் ஆண்குட்டிகளையெல்லாம் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. மிச்சம் இருந்தவற்றுக்குக் காயடித்தார்கள். ஊர் முழுக்கத் தேடினாலும் கிடாய் என்று சொல்ல மேனேஜர் ஒருவர்தான். உண்ணி பிடிக்காமல் இருக்க வெள்ளிக்கிழமை தவறாமல் மருந்து கலந்து குளிப்பாட்ட வேண்டும் என்றார்கள். மலையம்மாள் ரப்பர் குழாயைப் பிடித்தால் மேனேஜர் தானாக வந்து நிற்பார். கழுத்தில் தண்ணீர் விழும்போது கண்ணை மூடிக்கொள்வார். "என் ராசா, திரும்புடா, அந்தப் பக்கம் திரும்பு" என்று அவள் கொஞ்சுவதைக் கேட்டுக் கண்ணுச்சாமி வேலைக்குக் கிளம்பிவிடுவான்.

இந்தச் சமயத்தில்தான் முத்துமீனா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தை திரும்பிக் கிடக்கிறது, தாய்க்கும் பிரஷர் ஏறிவிட்டது, கையெழுத்துப் போடுங்கள் என்று நர்ஸ் மலையம்மாளிடம் வந்து நின்றாள். இவள் வராந்தாவிலேயே ஊர் இருக்கிற தெற்குப் பக்கம் பார்த்துத் தரையில் விழுந்து கும்பிட்டாள். வாயில் பழக்கமானது வந்துவிட்டது.

"சோணைச்சாமீ, கொட்டத்துல நிக்கிற கெடாவை ஒனக்குத் தந்துர்றேன்!"

தாய் பிழைத்தாள், பேரன் பிறந்தான். எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் வருகிறாள். திருநகர் ஸ்டாப்பில் வண்டி நின்றபோதுதான், கொட்டத்தில் நிற்கிற கிடாய் எது என்று அவளுக்கு உறைத்திருக்கிறது. பக்கத்தில் இருந்த கண்ணுச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலேயே அழுதாளாம். பேரன் பிறந்த சந்தோஷம் என்று கண்டக்டர் நினைத்திருக்கிறார்.

விஷயம் தெரிந்து அனந்தபத்மநாபன் அலறிக்கொண்டு வந்தார். "அம்மா, அது உங்க ஆடே இல்லை. வேற ஒண்ணு நான் வாங்கித் தர்றேன். திருமங்கலம் சந்தையில எது வேணும்னு கை காட்டுங்க."

"சந்தைக் கெடா நான் நேந்தப்ப எங்க கொட்டத்துல நிக்கலையே சார். சாமிகிட்டப் பேச்சு மாறச் சொல்றீகளா? பச்சப்புள்ளைய வச்சிருக்கேன் சார்."

"அப்ப நம்ம கம்பெனி? இத்தனை பேர் பொழைப்பு?"

"எனக்கு மட்டும் ஆசையா சார்?" என்றாள் அவள். "அதைப் பிள்ளை மாதிரி வளர்த்திருக்கேன்."

அனந்தபத்மநாபன் டைரக்டர்கள் கூட்டம் கூட்டினார். மேனேஜரைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்வது என்று தீர்மானம். கை தூக்குங்கள் என்றார். ஒருத்தரும் தூக்கவில்லை. கம்பெனி வேண்டும்தான், ஆனால் அந்தக் குழந்தைக்கு நாளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் கை தூக்கினவன் தலையில்தானே விழும்? அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கிடாவெட்டு நாள் வந்தது. கண்மாய்க்கரையில் பந்தல். முத்துமீனா வேப்பமரத்தடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். காலையில் இருந்து பிள்ளை பால் குடிக்காமல் வீறிட்டுக்கொண்டிருந்தது. அனந்தபத்மநாபன் ஜீப்பில் வந்து இறங்கினார். கடைசியாக ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம் என்று வந்தாராம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள் தண்ணீரைத் தெளித்ததும் கிடாய் உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, வெட்டலாம். துலுக்காவிட்டால் சாமிக்கு மனமில்லை. பூசாரி பாண்டிராஜ் மேனேஜருக்கு மாலை போட்டுத் தண்ணீரைத் தெளித்தான்.

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்னொரு செம்பு ஊற்றினான். மேனேஜர் திரும்பி அடுத்த பக்கத்தைக் காட்டினார். குடத்தோடு கவிழ்த்தார்கள். சுகமாக அசை போட்டுக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்துப் பழகிய உடம்பு, அதற்கு இது எம்மாத்திரம்? இது எனக்குப் புரிந்தது, மலையம்மாளுக்கும் புரிந்திருக்கும். ஆனால் புரிந்து என்ன செய்ய? கூட்டம் கசமுசவென்று பேச ஆரம்பித்துவிட்டது. வேப்பமரத்தடியில் பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. மலையம்மாள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அனந்தபத்மநாபனுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! சாமிக்கே வேண்டாமாம். விட்டுடுவோமே."

பாண்டிராஜ் அவரைத் திரும்பிப் பார்த்தான். "சாமிக்கு வேணாம்னு யாரு சொன்னா? கெடாவுல வேறாளுக்குப் பாத்தியதை இருக்கு. உரியவுக வாயால குடுத்தேன்னு சொல்லணும். காதுல கெடக்குற வில்லையையும் அவுகளே கழட்டணும்."

கம்பெனி டீயும் பிஸ்கட்டும் தின்று வளர்ந்த அம்புட்டு மெம்பர்களும் "ஆமா, அதான் ஞாயம்" என்றார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அந்த மனிதரை எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் பாருங்கள்! எறும்பு ஊர்ந்தால் தாண்டிப் போகிறவர்.

"நானா? என்னால முடியாது" என்று அவர் பின்னால் நகர்ந்தார்.

மலையம்மாள் கத்தவில்லை, காலில் விழவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். "காலையிலருந்து பால் குடிக்கல சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் பிள்ளையைப் பார்த்தார். கண்மாயைப் பார்த்தார். பிறகு ஜீப் டிரைவரிடம் கையை நீட்டிக் கட்டிங் பிளேயரை வாங்கினார். மேனேஜருக்கு அவர் தெரிந்தவர்தானே, தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். வில்லையைக் கத்தரித்துக் காதில் இருந்து உருவிவிட்டு, "கொடுத்துட்டேன்" என்றார் அனந்தபத்மநாபன்.

காதை இழுத்தால் எந்த ஆடுதான் சும்மா இருக்கும்? மேனேஜர் முதலில் காதை உதறினார். பிறகு தலை. பிறகு கழுத்தில் தொடங்கி வால் வரைக்கும் உடம்பு மொத்தமும் ஒரு துலுக்குத் துலுக்கினார். குடம் குடமாக வாங்கியிருந்த மஞ்சள் தண்ணீர் முழுக்க அந்த வெள்ளைச் சட்டையில் தெறித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கொட்டுக்காரர்கள் விளாசினார்கள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்குப் புரிவதற்குள் பாண்டிராஜ் அரிவாளை ஓங்கிவிட்டான்.

அன்றைக்கு ஊரே கறி தின்றது. மேனேஜர் மாதிரி ருசி கண்டதில்லை என்று பேசிக்கொண்டார்கள். திட்டத்தின் தரம் எல்லோருக்கும் நிரூபணமாயிற்று. நானும் இலையில் உட்கார்ந்தேன், மறைப்பானேன்.

அந்தக் கூட்டத்தில் கறி தின்னாதவர்கள் ரெண்டே பேர். ஒருவர் கண்மாய் மடைத் திட்டில், மஞ்சள் காய்ந்த சட்டையோடு, கையில் அந்த வில்லையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொருத்தி தேங்காய் மூடியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். முகம் வீங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. பாயசம் கொண்டுபோன நான் பக்கத்தில் நின்றேன்.

"சாப்பிடுங்க சார். சாமிகிட்ட ஒங்க பேரையும் சொல்லித்தான் குடுத்தேன்."

அவர் தேங்காயை வாங்கிக்கொண்டார். "குழந்தை?"

"குடிச்சுட்டுத் தூங்குறான் சார்." சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வார வெள்ளிக்கெழமை கொழாயப் பிடிச்சுக்கிட்டு நான் என்ன சார் செய்வேன்?"

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் தேங்காயைத் தின்றார்கள். பிறகு அவள்தான் கேட்டாள். "அடுத்த கெடா எப்ப சார் வரும்? ஆடெல்லாம் பருவத்துக்கு வந்துருச்சு."

அனந்தபத்மநாபன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "வந்தா, அதை நேர்ந்துக்க மாட்டீங்களேம்மா?"

மலையம்மாள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"முத்துமீனா மறுபடி உண்டாகாம இருக்கணும் சார்" என்றாள்.