அவருக்காக நான் எழுந்து நிற்கவில்லை

மைதீன் அண்ணன் இறந்துபோன செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. ஒத்தக்கடை பங்க்கில் வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வேன், மினி லாரி உரிமையாளர் சங்கத்தின் குழுவில் அவருடைய படம், பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ, கீழே ‘மனிதநேயச் செம்மல் மறைந்தார்’ என்று கொட்டை எழுத்து. அனுப்பியவர் சங்கத் தலைவர் சுந்தரவேல். மைதீன் அண்ணனைச் செயலாளர் பதவியிலிருந்து இறக்கிய அதே சுந்தரவேல். துக்கம் வருவதற்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அதிகாலைத் தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஒத்தக்கடையிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். ‘அமைதியின் வடிவமே’ என்று அதில் போட்டிருந்தது. மைதீன் அண்ணனா அமைதியின் வடிவம்? மதுரை மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் வண்டிக்காரர்களில் அவரைப் போல ஒரு சண்டைக்காரரை நான் பார்த்ததில்லை. அவரைத் தெரியாதவர்கள் ஃபிளெக்ஸைப் படித்து ஏமாந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் அவரை முதலில் சந்தித்தது மேலூர் ரோட்டில். திருவாதவூரிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த என் புது வண்டி டீசல் இல்லாமல் நின்றுவிட்டது. வெயிலில் தக்காளி வெந்துகொண்டிருந்தது. எதிரே வந்த ஒரு வண்டி நின்றது. வெள்ளைத் தொப்பி வைத்த மனிதர் இறங்கி வந்து, என்ன ஏது என்று கேட்கவில்லை. தன் டாங்க்கில் ஓஸ் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி ஒரு கேனில் டீசல் பிடித்தார். பிறகு துப்பிவிட்டு ஆரம்பித்தார்.

“வண்டி வாங்கத் தெரிஞ்ச மனுசனுக்கு டீசல் முள்ளு பாக்கத் தெரியாதா? வெள்ளாமைய போட்டவன் ராத்திரி பகலாக் கண்ணு முழிச்சிருக்கான், நீ ரோட்டுல போட்டு அவிக்கிறியே மாப்ள!”

முன்பின் தெரியாதவனை மாப்ள என்றும் கூப்பிட்டார், மானம் போகிற மாதிரி திட்டவும் செய்தார். அன்றிலிருந்து நாங்கள் அண்ணன் தம்பி.

அவர்தான் என்னைச் சங்கத்தில் சேர்த்துவிட்டார். டயர்க் கடை மாடியில் மாதம் ஒரு கூட்டம். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் வீடுகளில் யாராவது தவறியிருந்தால், செயலாளர் பெயரை வாசிப்பார், எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். பிறகுதான் வாடகை, ஆர்.டி.ஓ. பிரச்சினை எல்லாம். செயலாளராக மைதீன் அண்ணன் இந்த ஒரு நிமிடத்தில் மட்டும் யாரையும் செல்போன் பார்க்க விடமாட்டார்.

ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு வந்த கூட்டத்தில், பெயர்களை வாசித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: “அங்கிட்டு ரெண்டு நாட்டுலயும் செத்தவங்களுக்கும் சேத்து நிப்போம்.” நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே படிக்கப் போய் நிலவறையில் முடங்கிக் கிடந்ததை டிவியில் பார்த்து எல்லோரும் உச்சுக்கொட்டிய நேரம் அது. நின்றார்கள்.

ஊரின் இரக்கத்துக்கு ஆயுள் கொஞ்சம்தான். ரஷ்யாவின்மேல் மேல்நாடுகள் தடை போட்டன, ரஷ்யா நமக்கு எண்ணெயைக் குறைத்துக் கொடுக்கிறது என்று பேச்சு வந்தது. அவ்வளவுதான், நேற்றுவரை உச்சுக்கொட்டிய வாய்கள் வேறு பாட்டுப் பாடின. டீக்கடையில் உட்கார்ந்து எந்த ஊரை அடுத்துப் பிடிக்கலாம் என்று படைத்தளபதிகள் மாதிரி பேசினார்கள். உலக வரைபடத்தில் அந்த ஊரைக் காட்டச் சொன்னால் ஒருவனுக்கும் தெரியாது. சுந்தரவேல் கூட்டத்திலேயே கேட்டார்: “நமக்குச் சல்லிசா எண்ணெய் தாரவன் மனசு நோக நம்ம ஏன் பாய் நிக்கணும்?”

“நீங்க நிக்கிறது டயர்க் கடை மாடில. அவனுக்கு அங்கருந்து தெரியவா போகுது?” என்றார் அண்ணன். “அதுவும் ரெண்டு பக்கத்துக்கும்தானே நிக்கச் சொல்றேன். அப்புறம் சல்லிசு சல்லிசுங்கிறீகளே, நம்ம பங்க்ல எம்புட்டுக் கொறஞ்சிருக்கு?”

பதில் இல்லாத கேள்வி கேட்டவரை யாருக்குப் பிடிக்கும்? முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள்.

நானும் அவரோடு முட்டியிருக்கிறேன். எண்ணெய் வாங்கியது சரி என்பது என் கட்சி. இன்றும் அதுதான். “தடை போட்டவனே பின்வாசல் வழியா வாங்கிக்கிறான், நமக்கு மட்டும் உபதேசமா? நம்ம நாட்டுல தோண்டுனா எண்ணெய் கொப்பளிக்குதா? வாங்கலேன்னா என் வண்டிய நீங்க வந்து தள்ளுவீகளா?” என்று ஒருநாள் கத்தியேவிட்டேன்.

“வாங்காதன்னு நான் எப்ப மாப்ள சொன்னேன்? என் டாங்க்லயும் அதுதான் ஓடுது. ஓட்டு, நல்லா ஓட்டு. செத்தவனுக்கு ஒரு நிமிசம் நில்லுன்னுதான் சொல்றேன். நிக்கிறதுக்கு டீசலா செலவாகும்?”

எரிச்சலாக இருந்தது, ஆனால் நின்றேன்.

பிறகு வளைகுடாப் பக்கம் குண்டு விழுந்தது. டீசல் விலை ஏறப்போகிறது என்று ஊரே பதறியது. யார் செத்தார்கள் என்று கேட்க நாதியில்லை, கப்பல் வருமா வராதா என்றுதான் கேட்டார்கள். அந்த மாதக் கூட்டத்திலும் அண்ணன் வழக்கம்போல இரண்டு பக்கத்துச் சாவுக்கும் நிற்கச் சொன்னார். சுந்தரவேல் எழவில்லை. காலைக் கூட அசைக்காமல் சொன்னார்: “இப்பத்தானே விசயம் வெளிய வருது. பாய் அவுக ஆளுகளுக்குல்ல நிக்கச் சொல்றாரு!”

நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அண்ணன் சுந்தரவேலின் முன்னால் போய் நின்றார்.

“இத்தன வருசம் உக்ரைனுக்கும் ரஷ்யாவுக்கும் நின்னனே, அவுக எந்தப் பள்ளிவாசல் ஜமாத்துய்யா?” என்று கேட்டார்.

சுந்தரவேல் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். செயலாளரை மாற்ற வேண்டும், சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார். தூக்கினார்கள். அண்ணன் டீசல் ஊற்றிக் காப்பாற்றிய கைகளும், அவர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சண்டை போட்டு வண்டி மீட்டுக் கொடுத்த கைகளும் மேலே போயின. த்தூ!

நான் தூக்கவில்லை. படி இறங்கும்போது அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“நான் மவுத்தானா இவிங்கெ எல்லாரும் எந்திரிச்சு நிப்பாய்ங்க, பாரேன். நிக்க வேணாம்னு சொல்லிரு மாப்ள. அங்கிட்டுச் செத்தவங்களுக்கு நிக்காத காலு எனக்கு மட்டும் எதுக்கு நிக்கணும்?”

“நல்ல பேச்சே உங்க வாயில வராதாண்ணே?”

“சொல்லுவியா மாட்டியா?”

“சொல்றேன். போங்க, வண்டிய எடுங்க.”

அதன்பிறகும் அவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. உறுப்பினர் வீட்டுச் சாவுக்கு எல்லோரும் நின்று உட்கார்ந்த பிறகு, கடைசி வரிசையில் அவர் போரில் செத்தவர்களுக்காக இன்னொரு நிமிடம் நிற்பார். மற்றவர்கள் வேண்டுமென்றே சத்தமாகப் பேசுவார்கள். பக்கத்தில் நானும் நிற்பேன். என் எண்ணெய்க் கருத்து மாறியதால் அல்ல, அந்தக் கூட்டத்தின் இளிப்பைக் காணச் சகிக்காமல்.

மையவாடியில் அவருக்கு மண் போட்டுவிட்டு வந்த மறுவாரம், அதே மாடியில் இரங்கல் கூட்டம். அவருடைய மகள் நூர்ஜகானை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். கை தூக்கியவர்கள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து உருகினார்கள். கடைசியில் சுந்தரவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மறைந்த அண்ணனுக்காக அனைவரும் எழுந்து நின்று...” என்று ஆரம்பித்தார்.

“நிக்க வேணாம்னு அண்ணன் சொல்லியிருக்காரு,” என்றேன். “அங்கிட்டுச் செத்தவங்களுக்கு நிக்காத காலு எனக்கும் நிக்க வேணாம்னு என்கிட்டச் சொன்னாரு. நான் வாக்குக் குடுத்திருக்கேன்.”

“எந்த நேரத்துல எதப் பேசுறதுன்னு இல்லையாப்பா?” என்று அதட்டிவிட்டு, சுந்தரவேல் கையைக் காட்ட, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் எழவில்லை. பின்னாலிருந்து ஒருவன் என் முதுகில் இடித்தான். “எந்திரிண்ணே, செத்தவருக்கு மரியாதை குடு.”

“அதத்தான் குடுக்குறேன்.”

நின்றுகொண்டிருந்த நூர்ஜகான் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற மகளே உட்கார்ந்ததும் நின்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நிமிடத்தை ஓட்டினார்கள்.

சுந்தரவேல் நன்றி சொல்ல, நாற்காலிகள் இழுபட, எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்போது நான் எழுந்தேன். கைகளைக் கட்டிக்கொண்டு, அண்ணன் நிற்கும் கடைசி வரிசைக்குப் போய் நின்றேன்.

“என்ன மாமா?” என்று கேட்டுக்கொண்டே நூர்ஜகான் பக்கத்தில் வந்தாள்.

“அங்கிட்டுச் செத்தவங்களுக்கும்மா. உங்க அத்தா வழக்கமா நிக்கிறது.”

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னருகே நின்றாள். முன்னால் டீ கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். டம்ளர் சத்தமும் பேச்சும் சிரிப்பும் கேட்டன. நாங்கள் இருவரும் அசையவில்லை.

போய் வாருங்கள் அண்ணே. உங்களுக்காக நான் நிற்கவில்லை.